மான் கொம்பில் ஒரு கழுத்துக் கயிறு

7

ரோஷெல் டிட்மோருக்குப் புது வேலை கிடைத்துவிட்டது. மேஜை தயார். மேஜைக்குப் பின்னால் சுவரில் அவள் பெயரைக்கூட ஒட்டிவிட்டார்கள். அங்கே போய் உட்காரத்தான் வழியில்லை.

"மூணு வாரமா வீட்டுல கிடக்கேன்," என்றாள், எங்கள் காரின் பின் சீட்டிலிருந்து. "ஏவுகணைக்குள்ள ரேடியோ ஒழுங்கா பேசுதான்னு பார்க்கிறவ நான். இப்ப துணி மடிச்சிட்டு இருக்கேன்."

"என் வீட்டுலயும் ஒரு மூட்டை கிடக்கு," என்றேன் நான்.

"டூலி," என்றார் மார்வா, திரும்பிக்கூடப் பார்க்காமல். வாயை மூடிக்கொண்டு சாலையைப் பார் என்று அர்த்தம்.

மார்வா ஹோல்கம் என் முதலாளி. ஒரு காலத்தில் அரசாங்கத்துக்காக வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியவர். உங்க பக்கத்து வீட்டுக்காரர் குடிப்பாரா, வெளிநாட்டுக்காரங்களோட பழக்கம் உண்டா, பெண்டாட்டியோடு சண்டை உண்டா என்றெல்லாம் விசாரித்து, இன்னாருக்கு கிளியரன்ஸ் கொடுக்கலாம், இன்னாருக்குக் கூடாது என்று எழுதிக் கொடுப்பார். இப்போது தனியாகத் துப்பறிகிறார். நான் கார் ஓட்டுகிறேன், திட்டு வாங்குகிறேன், அவர் தின்று போடும் வேகவைத்த கடலைத் தோலைக் காரிலிருந்து அள்ளிக் கொட்டுகிறேன். சம்பளம் மூன்றாவதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஏவுகணை ஊரான எங்கள் ஹன்ட்ஸ்வில்லில் கிளியரன்ஸ் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தேவாலயத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் என்ன வேலை சார் என்று கேட்டால், சிரித்துவிட்டு ஃபுட்பாலைப் பற்றிப் பேசுவார். புரிந்துகொள்ள வேண்டியதுதான். அரசாங்க ரகசியத்தைப் பார்க்க நமக்கிருக்கும் அந்த அனுமதி நம் சொத்து என்று நினைத்துக்கொண்டிருப்போம். கிடையாது. ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றுக்குப் போனால், பழைய கம்பெனி கையை விட வேண்டும், புதுக் கம்பெனி பிடித்துக்கொள்ள வேண்டும். ஒழுங்காக நடந்தால் ஒரே நாள் வேலை. நடுவில் பழைய கம்பெனிக்காரர் ஒரு புகாரைத் தட்டிவிட்டால் தீர்ந்தது, விசாரணை முடியும்வரை அந்தரத்தில் தொங்க வேண்டும்.

ரோஷெல்லைத் தொங்கவிட்டவர் கார்லண்ட் ஸ்ட்ரௌட். அவள் பதினோரு வருஷம் உழைத்த கட்லர் ரிட்ஜ் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி. கடைசி நாளன்று ரகசிய அறைக்குள் கைப்பேசி கொண்டுவந்தாள் என்று அரசாங்கத்துக்குப் புகார் அனுப்பியிருந்தார். அந்த அறைக்குள் கைப்பேசி கொண்டுபோவது கோவிலுக்குள் செருப்போடு போவதைவிட மோசம். புகாரின் மற்ற விவரங்களைப் புகாருக்கு ஆளானவளிடம் காட்டவே மாட்டார்கள். எந்த நேரம், யார் பார்த்தது, ஒன்றும் தெரியாது.

"எப்ப அனுப்பினாரு?" என்றார் மார்வா.

"நான் போட்டிக் கம்பெனிக்குப் போறேன்னு கேள்விப்பட்ட அன்னிக்கு. அடுத்த ஒப்பந்தத்துக்கு கட்லர் ரிட்ஜும் நான் போற பைன் ஹாலோவும்தான் மோதுறாங்க. என்னைக் கூப்பிட்டுச் சொன்னாரு, பழைய மேஜைக்கே திரும்பி வந்துடு கண்ணு, கவனக்குறைவா நடந்துடுச்சுன்னு ஒரு வரி எழுதிக் கொடு, நான் பேசி முடிச்சு வெக்கிறேன்னு."

"பைன் ஹாலோ என்ன சொல்லுது?"

"அங்க பாதுகாப்பு பார்க்கிற ட்வைலா நல்ல பொம்பளை. ஆனா இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள கிளியரன்ஸ் கை மாறலைன்னா அந்த இடத்துக்கு வேற ஆளு. அவளும் சொல்றா, ஒரு வரிதானே, எழுதிக் கொடுத்துட்டு வந்துடேன்னு." அவள் குரல் உயர்ந்தது. "எழுத மாட்டேன் மேடம். செய்யாததுக்கு நான் எதுக்கு எழுதணும்? அந்த ஒரு வரி சாகுற வரைக்கும் என் பேரோட வரும்."

"எழுத வேணாம். ஆனா எழுதப் போறவ மாதிரி வந்து உட்காரு."

"எனக்கு நடிக்க வராதே."

"அதான் நானும் பயப்படறேன்," என்றார் மார்வா. "எல்லாரும் அன்னிக்கு போன் எங்க இருந்துச்சுன்னே யோசிச்சிட்டு இருக்கோம். அதை யாராலயும் காட்ட முடியாது. எனக்கு வேண்டியது புகார்ல போட்டிருக்கிற நேரம். பொய் சொல்றவன் என்ன நடந்துச்சுங்கிறதை நல்லா யோசிச்சு வெச்சிருப்பான். எப்ப நடந்துச்சுங்கிறதை அவசரத்துல சொல்லுவான்."

"அவரு சொல்லுவாரா?" என்றேன்.

"ஜெயிச்சிட்டோம்னு நினைக்கிறவன் எல்லாத்தையும் சொல்லுவான். அந்தப் பொட்டலத்தை இங்க கொடு."

நான் கடலைப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை கட்லர் ரிட்ஜ் வாசலில் நிறுத்தினேன்.

ஸ்ட்ரௌட் வாசலிலேயே காத்திருந்தார். சிவந்த முகம், நன்றாகத் தேய்த்த சட்டை, பெல்ட் பக்கிளில் வாய் பிளந்த மீன். எங்கள் மூவர் நெஞ்சிலும் 'பார்வையாளர்' என்று சிவப்பாக எழுதிய சீட்டை ஒட்டினார். ரோஷெல்லுக்கு ஒட்டும்போது மட்டும் இரண்டு முறை அழுத்தித் தட்டினார். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

"நீ இப்ப இங்க வெளியாள் கண்ணு," என்றார். "வெளியாளுங்க துணைக்கு ஆள் இல்லாம ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. போனை எல்லாம் பெட்டியில போடுங்க."

"உங்க ஆபீசுக்குத்தானே போறோம்? அது ரகசிய அறைக்கு வெளியிலதானே?" என்றாள் ரோஷெல்.

"என் கட்டடத்துல என் சட்டம்."

சுவரில் தபால் பெட்டி போல வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். ரோஷெல் பார்க்காமலே கை நீட்டி, மேல் வரிசையில் கடைசிப் பெட்டிக்குள் தன் கைப்பேசியை வைத்தாள். பதினோரு வருஷத்துப் பழக்கம்.

தாழ்வாரத்தில் நடந்தோம். ரகசிய அறையின் கனமான கதவு அந்த நேரம் பார்த்துத் திறந்தது. குழாய் ரிப்பேர்க்காரர் ஒருவர் ஏணியோடு உள்ளே போனார், அவருக்குப் பின்னாலேயே ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு ஒட்டிப் போனாள். உள்ளே கூரையில் மஞ்சள் விளக்கு சுற்றிச் சுற்றி மின்னியது.

"உள்ள ஏதாவது கல்யாணமா?" என்றேன்.

"கிளியரன்ஸ் இல்லாத ஆளு உள்ள வந்தா அந்த விளக்கைப் போட்டுடுவாங்க," என்றாள் ரோஷெல். "உடனே எல்லாரும் திரையை அணைச்சு, காகிதத்தைக் கவுத்து வெச்சிடணும். அந்த ஆளு வெளிய போற வரைக்கும் ஒருத்தர் கூடவே நிக்கணும்."

"கழிவறைக்குப் போனாலுமா?"

"கதவு வரைக்கும்."

"இதுக்குத்தான் நான் அரசாங்க வேலைக்குப் போகலை," என்றேன். மார்வா சிரிக்கவில்லை. மஞ்சள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து சாப்பாட்டு அறை. அங்கே சுவரில் ஒரு மான் தலை, பெரிய கொம்போடு. கொம்பு தெரியாத அளவுக்கு அதில் கயிறுகள் தொங்கின. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டுகிற துணிக் கயிறுகள், நீலமும் சிவப்பும் பச்சையுமாக, எல்லாமே நடுவில் வெட்டப்பட்டவை.

"இது என்ன, நேர்த்திக்கடனா?" என்றேன்.

ஸ்ட்ரௌட்டுக்கு முகம் மலர்ந்தது. "எங்க வழக்கம் தம்பி. யாரு வேலையை விட்டுப் போனாலும், ரகசியத்தை வெளிய சொல்ல மாட்டேன்னு கடைசியா ஒரு கையெழுத்து வாங்கி கிளியரன்ஸை இறக்குவேன். அந்த நிமிஷத்துல இருந்து அவங்க வெளியாள். அப்புறம் இங்க கூட்டிட்டு வந்து, எல்லாரும் பார்க்கக் கயிறை வெட்டி மான் மேல மாட்டுவேன்."

"முதல்ல வெட்டிட்டு அப்புறம் கையெழுத்து வாங்கினது உண்டா?" என்றார் மார்வா, கடலையை உரித்துக்கொண்டே.

"என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது? கையெழுத்து விழாம என் கத்திரி உறையை விட்டு வெளிய வராதும்மா. ஒரு தடவைகூட மாத்தினது கிடையாது."

"நல்ல பழக்கம்." மார்வா அண்ணாந்து பார்த்தார். "ரோஷெல்லோடது எது?"

ஸ்ட்ரௌட் கை நீட்டிக் காட்டினார். பச்சைக் கயிறு. அதில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.

"பறவை எச்சம் போட்டுடுச்சா?" என்றேன்.

"என் வெள்ளைக் குழம்புடா அது!" அவருக்கு நிஜமாகவே கோபம். "போறவங்களுக்குக் காலைச் சாப்பாட்டுக்கு நானே என் கையால வெண்ணெய் ரொட்டி சுட்டு, சாசேஜ் போட்டு வெள்ளைக் குழம்பு வெச்சுக் கொண்டுவருவேன். இவ கயிறை வெட்டுறப்ப குழம்புச் சட்டியில விழுந்துடுச்சு. எல்லாரும் சிரிச்ச சிரிப்பு இருக்கே!"

"நல்லா இருந்துச்சு," என்றாள் ரோஷெல் வேண்டாவெறுப்பாக. "ஆளு எப்படியோ, குழம்பு நல்லா வெப்பாரு."

"சூடா சாப்பிட்டாத்தான் அது ருசி," என்றார் மார்வா. "காலையில எத்தனை மணிக்குக் கொண்டு வருவீங்க?"

"எட்டு மணிக்கு எல்லாம் மேஜை மேல இருக்கும். அப்புறம் யாரு அதைச் சாப்பிடுவா?"

மார்வா கடலைத் தோலை என் கையில் கொட்டினார். அவர் கண்ணில் ஒரு மினுக்கல் வந்து போனதை நான் கவனித்தேன். அது வந்தால் யாருக்கோ கெட்ட நேரம் என்று எனக்குத் தெரியும். யாருக்கு, எப்படி என்றுதான் தெரியவில்லை.

ஸ்ட்ரௌட்டின் ஆபீசில் நாலு பக்கமும் மீன் படம். ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் ரோஷெல் முன்னால் தள்ளினார்.

"எழுது கண்ணு. சுருக்கமா."

ரோஷெல் பேனாவைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டாள். நடிக்க வராது என்று சொன்னது பொய்யில்லை.

"எனக்குக் கை வரலை," என்றாள்.

"பதினோரு வருஷம் சோறு போட்ட இடத்துல இவ்வளவு திமிரா?"

"சோறு நீங்க போடலை. நான் வேலை பார்த்தேன்."

எல்லாம் குட்டிச்சுவராகிவிட்டது என்று நினைத்தேன். மார்வா பேனாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அவ கோபத்துல இருக்கா, நான் எழுதறேன். நீங்க பார்த்ததை நீங்களே சொல்லுங்க மிஸ்டர் ஸ்ட்ரௌட். மேல போன புகாருக்கும் இதுக்கும் ஒரு எழுத்துகூட மாறக் கூடாது பாருங்க. மாறினா அவங்க மறுபடியும் கிளறுவாங்க."

ஸ்ட்ரௌட்டுக்கு அது பிடித்திருந்தது. நாற்காலியில் சாய்ந்தார்.

"கடைசி நாள், வெள்ளிக்கிழமை. மதியம் மூணு மணி."

"மூணா?" என்று ரோஷெல் எழுந்தேவிட்டாள். "மூணு மணிக்கு நான் எதுக்கு உள்ள..."

"உட்காரு," என்றார் மார்வா. "நிச்சயமா மூணு மணிதானே?"

"நிச்சயமா. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல இங்க ஈ காக்கா இருக்காது. அறையில நான் மட்டும்தான், அந்தக் கோடி மேஜையில. இவ தனியா உள்ள வந்தா. மறந்துபோன காபிக் கோப்பையை எடுக்க. ஒரு கையில கோப்பை, ஒரு கையில போன். என் ரெண்டு கண்ணால பார்த்தேன். பொய்யின்னா நான் நாசமாப் போறேன்."

"அப்ப மஞ்சள் விளக்கு எரிஞ்சுதா?"

"எதுக்கு எரியணும்? வெளியாளு யாரும் இல்லையே."

மார்வா பேனாவை மூடி மேஜையில் வைத்தார். "காலையில எட்டு மணிக்குக் கயிறை வெட்டினீங்களே, அவ வெளியாள் இல்லையா?"

ஸ்ட்ரௌட் வாயைத் திறந்தார். பெல்ட் பக்கிளில் இருந்த மீனும் அவரும் ஒரே ஜாடையில் இருந்தார்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ரோஷெல்லுக்கு எனக்கு முன்னாலேயே உறைத்துவிட்டது. மெதுவாக உட்கார்ந்தாள். இத்தனை நாளும் அவள், தான் வேலை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஏதோ நடந்ததாக ஸ்ட்ரௌட் சொல்லியிருப்பார் என்று நினைத்து, அப்போது கைப்பேசி எங்கே இருந்தது என்றே யோசித்துக்கொண்டிருந்தாள். சாட்சி சொல்ல ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து இவர் மூன்று மணியைப் பிடித்திருக்கிறார். அந்த நேரத்துக்கு அவள் கிளியரன்ஸைத் தானே இறக்கி, கயிற்றையும் வெட்டி, குழம்பும் ஊற்றிவிட்டதை மறந்துபோனார்.

"அன்னிக்கு அப்புறம் நான் வெளி அறையில கம்ப்யூட்டரை ஒப்படைச்சிட்டு இருந்தேன்," என்றாள் ரோஷெல். "போன் என் பையிலயே இருந்துச்சு. அந்தக் கதவுப் பக்கமே போகலை. எனக்குத்தான் அனுமதி இல்லையே!"

"கயிறு வெட்டுறதெல்லாம் சும்மா விளையாட்டு," என்றார் ஸ்ட்ரௌட்.

"கையெழுத்து விழாம கத்திரி உறையை விட்டு வராதுன்னு இப்பதானே சொன்னீங்க?"

"அப்படின்னா... காலையிலதான் பார்த்தேன். நேரம் மறந்துபோச்சு."

"காலையில அறை நிறைய ஆளு," என்றேன். "வெண்ணெய் ரொட்டி சாப்பிட்ட வாய் எல்லாம் இன்னும் இங்கதான் இருக்கு. கூப்பிட்டுக் கேட்கலாமா?"

"அதுவும் இல்லாம, மூணு மணின்னு மேல எழுதி அனுப்பிட்டீங்க," என்றார் மார்வா. "இப்ப ரெண்டே வழி. ஒண்ணு, அவ உள்ள வரவே இல்லை, நீங்க சொன்னது பொய். இல்லைன்னா, கிளியரன்ஸ் இல்லாத ஒருத்தியை விளக்கும் போடாம, துணையும் நிக்காம ரகசிய அறைக்குள்ள விட்டுட்டு, கோடி மேஜையில உட்கார்ந்து வேடிக்கை பார்த்தீங்க. அப்ப புகார் அவ மேல இல்லை, உங்க மேல. எது வேணும்?"

ஸ்ட்ரௌட் கைக்குட்டையை எடுத்து நெற்றியை ஒற்றினார். பிறகு குரலைத் தாழ்த்தி ரோஷெல்லைப் பார்த்தார்.

"வாபஸ் வாங்கிடறேன்மா. ஆதாரம் போதலைன்னு எழுதிடறேன். உனக்கும் எனக்கும் கெட்ட பேரு இல்லாம முடிஞ்சிடும்."

கண்ணு போய் அம்மா வந்துவிட்டதைக் கவனித்தேன். மார்வா ரோஷெல் பக்கம் திரும்பினார். இதற்கு மேல் முடிவு அவருடையதல்ல. சாயங்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது, தலையை ஆட்டினால் ரோஷெல்லுக்கு வேலை கிடைத்துவிடும்.

"முடியாது," என்றாள் ரோஷெல்.

"என்னது?"

"ஆதாரம் போதலைன்னா, செஞ்சிருப்பா, மாட்டலைன்னு அர்த்தம். அடுத்த தடவை கம்பெனி மாறுறப்ப ஒருத்தன் அதைத் தோண்டி எடுப்பான். அதுக்கு அடுத்த தடவை இன்னொருத்தன். போனை எடுங்க. மேல பேசுங்க. நடக்காததை நடந்ததா சொல்லிட்டேன்னு சொல்லுங்க. எங்க காதுல விழற மாதிரி."

"என் கிளியரன்ஸ் போயிடும் ரோஷெல். எனக்கு வேற தொழில் தெரியாது."

"தெரியும். அது இல்லாம வீட்டுல உட்கார்ந்தா எப்படி இருக்கும்னு எனக்கு நல்லாவே தெரியும். மூணு வாரமா நான் தூங்கலை. நீங்க மீன் பிடிக்கப் போனீங்க."

அவர் மார்வாவைப் பார்த்தார். மார்வா ஜன்னலைப் பார்த்தார். ஸ்ட்ரௌட் என்னைப் பார்த்தார். நான் கையில் இருந்த கடலைத் தோலை எண்ணுவது போல் பாவனை செய்தேன்.

கடைசியில் மேஜைத் தொலைபேசியை இழுத்து, ஸ்பீக்கரில் போட்டு எண்களை அழுத்தினார். அவர் சொல்லி முடிக்க வெகு நேரம் பிடிக்கவில்லை. பொய்யைச் சொல்லத்தான் காபிக் கோப்பை, கோடி மேஜை எல்லாம் தேவைப்பட்டன. மறுமுனையில் இருந்த பெண், அவர் சொன்னதை அப்படியே இன்னொரு முறை மெதுவாகச் சொல்லச் சொன்னாள். சொன்னார். புகாரை இப்போதே எடுத்துவிடுவதாகவும், அவரிடம் பேச இரண்டு பேர் வருவார்கள் என்றும் சொல்லிவிட்டு வைத்தாள்.

ரோஷெல் எழுந்து வெள்ளைத் தாளை நாலாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். நேரே கதவுக்குப் போய் நின்றாள். வெளியே போகவில்லை.

"வாங்க," என்றாள்.

"எங்க?" என்றார் ஸ்ட்ரௌட்.

"நான் வெளியாள். துணைக்கு ஆள் இல்லாம ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. உங்க சட்டம்தானே?"

மனிதர் எழுந்து வந்தார். தாழ்வாரம் முழுக்க அவள் நிதானமாக நடந்தாள், அவரும் பக்கத்திலேயே நடந்தார். சாப்பாட்டு அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். மான் தலையைத் தாண்டும்போது அவள் நின்று, எம்பிப் பச்சைக் கயிற்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். ஸ்ட்ரௌட் தடுக்கவில்லை.

வாசலை நெருங்கும்போது சுவரில் ஏதோ உறுமியது. மேல் வரிசை, கடைசிப் பெட்டி. உள்ளே கைப்பேசி அதிர்ந்து அதிர்ந்து தகரத்தில் இடித்துக்கொண்டிருந்தது. ரோஷெல் எடுத்துப் பேசினாள்.

"சொல்லு ட்வைலா... ம்... கை மாறிடுச்சா? நிச்சயமா?" அவள் கண்ணை மூடித் திறந்தாள். "இல்ல, எதுவும் எழுதிக் கொடுக்கலை. ஒரு வரிகூட. திங்கட்கிழமை காலையில வரேன்."

பிறகு கைப்பேசியை ஸ்ட்ரௌட்டின் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள்.

"இதோ, என் போன். எப்பவும் இருக்கிற இடத்துலதான் இருந்துச்சு. நல்லா பார்த்துக்குங்க, வர்ற ரெண்டு பேரும் கேட்பாங்க."

நெஞ்சில் இருந்த சிவப்புச் சீட்டைப் பிய்த்து அவர் சட்டையில் ஒட்டி, இரண்டு முறை அழுத்தித் தட்டினாள்.